உதடு நின்ற பிறகும் பேசும் படங்கள்: குங்ஃபூ பகடிக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். மண் தரை முற்றம். ஒரு பக்கம், குருவைப் பறிகொடுத்த இளைஞன். எதிரே, மார்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர். "என் குருவைக் கொன்றது நீதானா?" என்று இளைஞன் கேட்டதும் கேமரா விருட்டென்று கிழவரின் கண்களுக்குப் பாய்கிறது. அவர் தாடியை நீவிக்கொண்டு சிரிக்கிறார். வாயை மூடிய பிறகும் ஒரு நொடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு இருவரும் நிலை எடுக்கிறார்கள். கை காற்றில் அசைந்தாலே சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் வருகிறது.

இப்படி ஒரு படத்தை நீங்கள் முழுதாகப் பார்த்ததே இல்லை என்றாலும் இந்தக் காட்சி எங்கோ பார்த்ததுபோல இருக்கும். 1970களின் ஹாங்காங் சண்டைப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. போன இடமெல்லாம் தங்கள் பழக்கவழக்கங்களை மக்கள் நினைவில் விட்டுவிட்டு வந்தன. அந்த நினைவை முதலாக வைத்துச் சிரிக்க வைப்பதுதான் குங்ஃபூ பகடி. ஆங்கிலத்தில் ஸ்பூஃப் என்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சண்டைப் படத்தில் நகைச்சுவை இருந்துவிட்டால் மட்டும் அது பகடி ஆகாது. கதாநாயகன் வாழைப்பழத் தோலில் வழுக்கி எதிரி மேல் விழுந்தால், வேறு எந்தப் படத்தையும் பார்த்திராத குழந்தைகூடச் சிரிக்கும். அது நகைச்சுவை. அதே கதாநாயகன் ஒற்றைக் காலைத் தூக்கி நாரை நிலையில் நிற்கிறான், எதிரிகள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் காலை இறக்காமல் நின்றுகொண்டிருக்கிறான் என்றால், அது பகடி. அடிக்கு முன் நிலை எடுத்து நிற்பது இந்தப் படங்களின் வழக்கம் என்று தெரிந்தவருக்குத்தான் அதில் சிரிப்பு இருக்கிறது. பகடிக்கு எப்போதும் இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று திரையில் ஓடும். இன்னொன்று பார்ப்பவர் மனத்தில் ஓடும்.

அதனால் பகடியைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பணம், நேரம், மொழி, அல்லது பல தலைமுறை மேடைக்கலை. அந்தக் காரணத்தை அறிந்து செய்யும் பகடிதான் பத்து முறை பார்த்தாலும் அலுக்காது. இத்தனை ஆண்டுகள் இந்தப் படங்களைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

குரலிலிருந்து ஆரம்பிக்கலாம். அன்றைய ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்யவே இல்லை. காட்சியை ஊமையாக எடுத்துவிட்டு, எல்லாக் குரலையும் பிறகு டப்பிங் அறையில் சேர்த்தார்கள். இதில் மொழிச் சிக்கலும் உண்டு. ஹாங்காங் மக்கள் பேசுவது கான்டனீஸ். ஆனால் 1970களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் எடுத்த படங்கள் பெரும்பாலும் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் வந்தன. ஆகவே ஒரு நடிகர் தன் படத்தில் தன் குரலிலேயே பேசாமல் இருப்பது சாதாரண விஷயம்.

அதே படம் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டாவது முறை குரல் மாறும். ஹாங்காங்கில் வசித்த ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவர்களின் ஒரு சின்ன வட்டம்தான் இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்தது. ஒரே ஆள் கதாநாயகனுக்கும் கிழவருக்கும் சத்திரக்காரருக்கும் குரல் கொடுப்பார். வேலை வேகமாக முடிய வேண்டும், வசனம் உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும். உதடு ஏழு முறை அசைகிறது, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதோ மூன்றே சொல் என்றால், நடுவில் ஏதாவது போட்டு நிரப்பியாக வேண்டும். வாக்கியத்தின் பாதியில் காரணமில்லாமல் வரும் அந்த இடைவெளியும், தேவையில்லாத இடத்தில் வரும் "ஆ... அப்படியா!"வும் இப்படிப் பிறந்தவைதான். பகடிப் படத்தில் ஒருவர் அரை நிமிடம் வாயசைக்க, ஒற்றைச் சொல் மட்டும் கேட்கும்போது நாம் சிரிப்பது அந்த டப்பிங் அறையின் நெருக்கடியை நினைத்துத்தான்.

கேமரா முகத்துக்குப் பாய்வதும் அப்படியே. தண்டவாளம் போட்டுக் கேமராவை நகர்த்த நேரம் பிடிக்கும். ஜூம் லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலிருந்தே அதிர்ச்சியைக் காட்டிவிடலாம். சண்டை வேகத்துக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. வினாடிக்கு 24 பிரேம் எடுக்க வேண்டிய இடத்தில் 22 அல்லது 20 மட்டும் எடுத்து, திரையில் 24ஆக ஓட்டினால் கை கால்கள் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பறக்கும். சுற்றி நிற்கும் இருபது பேர் ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிப் போவது, ஒவ்வொரு வித்தையும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இசையைப் பல நேரம் வேறெங்கோ இருந்து எடுத்து ஒட்டினார்கள். 1972இல் வந்த 'கிங் பாக்ஸர்' படத்தில் நாயகனின் கோபம் ஏறும்போதெல்லாம் ஒலிக்கும் சைரன், ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்குக் குவின்சி ஜோன்ஸ் போட்ட இசை.

இவற்றையெல்லாம்விட ஆழமான ஒரு பழக்கம் இருக்கிறது. அடி, அடி, அடி, அடி. பிறகு இருவரும் அசையாமல் நிற்பார்கள். மறுபடியும் அடிகள், மறுபடியும் நிறுத்தம். பகடிகள் இந்த நிறுத்தத்தை விடவே விடாது. இது பீக்கிங் ஓபரா என்ற சீன மேடைக்கலையிலிருந்து வந்தது. அந்த மேடையில் நடிகர் ஓர் உச்சத்தை எட்டியதும் உடலைச் சிலைபோல நிறுத்தி, முகத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்பிக் காட்டுவார். 'லியாங்ஷியாங்' என்று அதற்குப் பெயர். அந்தக் கணத்தில் தாள வாத்தியங்கள் அதிரும். ஹாங்காங் சண்டைக் கலைஞர்களில் கணிசமானவர்கள் சிறுவயதிலேயே ஓபரா பள்ளிகளில் சேர்ந்து, தலைகீழாக நின்று, பிரம்படி வாங்கி வளர்ந்தவர்கள். ஜாக்கி சானும் சம்மோ ஹங்கும் யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியரின் ஓபரா பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்குச் சண்டை என்பது தாளம். குத்து விழும்போது கேட்கும் அந்த மிகையான 'டப் டப்' சத்தங்கள், மேடையில் ஒலித்த தாள வாத்தியத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன என்றே எனக்குத் தோன்றும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நிறுத்தங்களைப் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் மரியாதையும் சேர்ந்து வரும்.

கதை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குருவோ தந்தையோ கொல்லப்படுவார், மகனோ சீடனோ பழிவாங்குவான். நடுவில் பயிற்சி. அந்தப் பயிற்சிக் காட்சிகளுக்கு இலக்கணம் எழுதிய படம், லாவ் கார்-லியுங் இயக்கி கார்டன் லியு நடித்து 1978இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவலின்'. இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளிகளைத் தூக்கி, கையை நீட்டியபடி நடக்க வேண்டும். மேற்கையில் கத்திகள் கட்டப்பட்டிருக்கும். கை கொஞ்சம் தாழ்ந்தால் விலாவில் குத்தும். இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டே எத்தனை பகடி செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் சிரித்தவர்கள் அவர்களேதான்

வெளியிலிருந்து வந்தவர்கள்தான் இந்தப் படங்களைக் கேலி செய்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஹாங்காங் சினிமா தன்னைத்தானே முதலில் கிண்டல் செய்துகொண்டது.

வோங் ஃபெய்-ஹுங் உண்மையில் வாழ்ந்த குங்ஃபூ ஆசான், வைத்தியர். 1949இல் தொடங்கி குவான் தக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவராக நடித்தார். நேர்மை, பொறுமை, ஒழுக்கம் எல்லாம் நிறைந்த பெரியவர். சண்டைக்கு முன் அறிவுரை சொல்வார். ஒரு தலைமுறைக்கே வோங் ஃபெய்-ஹுங் என்றால் அந்த முகம்தான். 1978இல் யுவென் வூ-பிங் இயக்கிய 'டிரங்கன் மாஸ்டர்' அதே வோங் ஃபெய்-ஹுங்கை ஊர்வம்பு இழுக்கும் வாலிபனாகக் காட்டியது. ஜாக்கி சான் அந்த வேடத்தில் பயிற்சிக்கு டிமிக்கி கொடுப்பார், ஓட்டலில் தின்றுவிட்டுக் காசு இல்லாமல் மாட்டிக்கொள்வார். காந்திகுல்லாப் போட்ட தலைவரின் சிறுவயதுச் சேட்டைகளைக் கதையாகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி ஒரு துணிச்சல்.

குருவும் தலைகீழ். வெள்ளை உடை, ஞானப் பார்வை ஒன்றும் கிடையாது. சிவந்த மூக்கோடு ஒரு குடிகாரப் பிச்சைக்காரர். நடித்தவர் இயக்குநரின் தந்தையே. அவர் சொல்லிக் கொடுப்பது எட்டு தெய்வங்களின் பெயரில் அமைந்த குடிகாரச் சண்டை. சீடன் ஏழைக் கற்றுக்கொள்கிறான், எட்டாவதை விட்டுவிடுகிறான். காரணம், அது பெண் தெய்வத்தின் நடை, ஆம்பிளைக்கு எதற்கு என்ற வெட்கம். கடைசிச் சண்டையில் ஏழும் பலிக்காமல் போக, குரு எட்டாவதைக் கேட்கிறார். தெரியாது. அந்த நிமிடமே இடுப்பை ஒடித்து, கண்ணாடி பார்த்து அலங்காரம் செய்வதுபோல் நளினம் காட்டி அவன் சொந்தமாக ஒன்றை உருவாக்குகிறான். எதிரிக்கு அடியும் விழுகிறது. ரகசிய வித்தையைக் குரு கடைசியில் கற்றுத்தருவார் என்ற பழைய சூத்திரத்தை இந்தக் காட்சி கிண்டல் செய்கிறது. அதே சமயம் சண்டையில் ஒரு அடிகூடப் பொய்யாகத் தெரியாது. பகடி இரண்டு கால்களில் நிற்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

அதே ஆண்டு சம்மோ ஹங் இயக்கி நடித்த 'என்டர் தி ஃபேட் டிராகன்' வேறொரு கோபத்திலிருந்து வந்தது. புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று இறந்தார். அதன் பிறகு புரூஸ் லி, புரூஸ் லே என்று பெயரை வைத்துக்கொண்டு, அவரைப்போல மூக்கைத் தேய்த்துக்கொண்டு நடித்த படங்கள் குவிந்தன. சம்மோ இதில் புரூஸ் லீயைத் தெய்வமாக நினைக்கும் பன்றிப் பண்ணைக்காரனாக வருகிறார். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஒரு போலி புரூஸ் லீயைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை, புகுந்து அடிக்கிறார். அடிக்கும் உடம்பு குண்டு. அசைவு மட்டும் அச்சு அசலாக புரூஸ் லீ. கிண்டல் போலிகள் மேல் விழுகிறது, புரூஸ் லீ மேல் துளியும் விழவில்லை.

கடல் தாண்டிய பிறகு

1973இல் ஹாங்காங் படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளில் வெள்ளமாகப் பாய்ந்தன. ஹாங்காங்கும் ஹாலிவுட்டும் சேர்ந்து எடுத்த 'என்டர் தி டிராகன்' அந்த ஆண்டுதான் வெளியானது. நான்கே ஆண்டுகளில், 1977இல், ஜான் லாண்டிஸ் இயக்கிய 'கென்டக்கி ஃப்ரைட் மூவி' என்ற துண்டுக் காட்சிகளின் தொகுப்பில் 'என்டர் தி டிராகன்' படத்துக்கான நீண்ட பகடி ஒன்று இடம்பெற்றது. வில்லனின் தீவு, ரகசிய ஏஜென்ட், கழற்றி மாட்டும் கை எல்லாம் உண்டு. வில்லனாக நடித்த பாங் சூ ஹான், ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் உண்மையான ஆசான். அதனால்தான் சண்டைகள் பார்க்கும்படி இருக்கின்றன.

இன்னொரு வழியும் இருந்தது. படமே எடுக்காமல், ஏற்கெனவே இருக்கும் படத்துக்கு வேறு வசனம் போடுவது. 1966இல் வூடி ஆலன் ஒரு ஜப்பானிய உளவுப் படத்துக்குத் தன் வசனத்தைப் போட்டு, முட்டை சாலட் செய்முறைக்காக நடக்கும் போராட்டமாக மாற்றினார். 1973இல் பிரான்ஸில் ரெனே வியெனே ஒரு ஹாங்காங் குங்ஃபூ படத்தை எடுத்து, தொழிலாளர்களுக்கும் அதிகார வர்க்கத்துக்கும் நடக்கும் தத்துவச் சண்டையாக மறுபேச்சு கொடுத்தார். அவருக்கு நோக்கம் அரசியல். ஆனால் காற்றில் உதைத்துக்கொண்டே வர்க்கப் போராட்டம் பேசும் ஆட்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

இந்த வழியின் உச்சம் 2002இல் வந்த 'குங் பவ்: என்டர் தி ஃபிஸ்ட்'. ஸ்டீவ் ஓடிகெர்க் எழுதி, இயக்கி, நடித்த படம். 1976இல் ஜிம்மி வாங் யூ நடித்த 'டைகர் அண்ட் கிரேன் ஃபிஸ்ட்ஸ்' படத்தை எடுத்துக்கொண்டு, கதாநாயகன் வரும் இடங்களில் கணினி மூலம் தன் உருவத்தைப் பொருத்தினார். புதிய காட்சிகளையும் இடையில் சேர்த்தார். பெரும்பாலான பாத்திரங்களுக்கு அவரே குரல் கொடுத்தார். பழைய ஆங்கில டப்பிங்கில் ஒருவரே பல குரல் பேசியதை நினைத்தால், இது பொருத்தமான மரியாதைதான்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது பலரும் சொல்லும் பசுமாட்டுச் சண்டை இல்லை. ஒரு சின்னப் பாத்திரம் இருக்கிறது. சண்டைப் பள்ளி மாணவன். வேடிக்கைக்காக அவனுக்கு வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்புத்தப்பாகச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அவனோ முழு நம்பிக்கையோடு சண்டைக்கு வருகிறான், அடி வாங்குவதையே வெற்றி என்று நினைக்கிறான். மூலப் படத்தில் அந்த நடிகர் நிஜமான தீவிரத்தோடு நடித்த காட்சி அது. அந்தத் தீவிரம் அப்படியே இருக்க, சொல்லும் வார்த்தை மட்டும் மாறுகிறது. சிரிப்பு அங்கே பிறக்கிறது. யாராவது அந்தக் காட்சியைக் கேலியாக மறுபடி நடித்துக் காட்டியிருந்தால் பாதிச் சிரிப்புகூட வந்திருக்காது.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். குங்ஃபூ படத்தைக் கிண்டல் செய்வதும் ஆசிய மக்களின் பேச்சைக் கிண்டல் செய்வதும் வேறு வேறு. டப்பிங் நேரம் தவறுவது ஒரு தொழிலின் பழக்கம், அதைத் தாராளமாகக் கிண்டல் செய்யலாம். ஒருவரின் உச்சரிப்போ கண்ணின் வடிவமோ அவர் பிறப்போடு வந்தவை. அதைத் தொட்டுச் சிரித்தால் பகடி அங்கேயே செத்துப்போகிறது. மேற்கத்திய பகடிகளில் பல இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கின்றன. 'குங் பவ்' படத்திலும் சில குரல்கள் தப்பான பக்கம் சாய்வதாகவே நான் நினைக்கிறேன். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு சிரிப்பிலும் ஒரு கணம் நின்று, இது படத்தை நோக்கியதா, மனிதரை நோக்கியதா என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் பதில் உடனே கிடைக்கும்.

பன்றித் தொழுவச் சந்து

இந்த வகையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஸ்டீபன் சோவ் இயக்கி நடித்த 'குங்ஃபூ ஹஸில்' பாருங்கள். 2004இல் வந்தது. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது.

கதை நடப்பது பன்றித் தொழுவச் சந்து என்ற ஏழைக் குடியிருப்பில். 1973இல் வந்து கான்டனீஸ் சினிமாவுக்கு மறுவாழ்வு கொடுத்த 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' படத்தின் குடியிருப்பை நினைவூட்டும் இடம். கூலித் தொழிலாளி, தையல்காரர், பலகாரம் போடுபவர் என்று அங்கே சாதாரணமாகத் தெரியும் சிலர் உண்மையில் ஒளிந்து வாழும் ஆசான்கள். கைகளில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு சண்டை போடும் தையல்காரராக நடித்த சியு சி-லிங் நிஜத்திலும் ஹுங் கார் குங்ஃபூ ஆசான். வாடகை கேட்டுக் கத்தும் வீட்டுக்கார அம்மாவின் கத்தலே சிங்க கர்ஜனை என்ற பயங்கர வித்தை.

வீட்டுக்காரத் தம்பதி தங்கள் உண்மைப் பெயரை வெளியிடும் இடத்தைக் கவனியுங்கள். யாங் குவோ, ஷியாவ் லாங்நு என்கிறார்கள். ஜின் யோங் எழுதிய புகழ்பெற்ற வாள்வீரர் நாவலின் காதலர்கள் இவர்கள். இளமைக்கும் அழகுக்கும் பேர்போனவர்கள். தலையில் சுருட்டுக் குழல்களும் வாயில் சிகரெட்டுமாக ஓர் அம்மா, அடி வாங்கியே பழகிய ஒரு கணவர், இவர்கள்தான் அந்தக் காதலர்களாம். சீன ரசிகர்களுக்கு உடனே சிரிப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தப் பெயர்களைக் கிரேக்கப் புராணக் காதலர்களான பாரிஸ், ட்ராய் ஹெலன் என்று மாற்றிவிட்டார்கள். மேலே சொன்ன அந்த மனத்தில் ஓடும் இரண்டாவது படம் மேற்கத்தியரிடம் இல்லை, அதனால் அவர்களிடம் இருக்கும் வேறொன்றைக் கடன் வாங்கினார்கள்.

இந்தப் படத்தின் பெரிய பகடி ஒரு புத்தகத்தில் இருக்கிறது. நாயகன் சிறுவனாக இருந்தபோது ஒரு பிச்சைக்காரர் அவனை நிறுத்தி, உன் எலும்பமைப்பு ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லி, 'புத்தர் கை' வித்தைக் கையேட்டை விற்கிறார். பையன் சேமித்த காசையெல்லாம் கொடுத்து வாங்குகிறான். அதைப் படித்துவிட்டு, வாய் பேசாத ஒரு சிறுமியைக் காப்பாற்றப் போய் அடிபட்டு அவமானப்படுகிறான். ரகசியக் கையேடு என்ற பழைய நம்பிக்கைக்கு விழுந்த சரியான அடி. 1964இல் கான்டனீஸில் வந்த தொடர்படங்கள் மூலம் ஒரு தலைமுறையே ஆசைப்பட்ட வித்தை அது. ஆனால் படத்தின் முடிவில், மேகங்களுக்கு மேலே எகிறிய நாயகன் கையை விரித்து இறங்கும்போது, அந்த மலிவுக் கையேட்டில் இருந்தது நிஜமாகவே நடக்கிறது. முதல் பாதியில் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதையே கடைசியில் வாய்பிளந்து பார்க்கிறோம். சிறுவயதில் அந்தக் கையேட்டை நம்பிய எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கிற காட்சி அது.

எந்த வரிசையில் பார்ப்பது என்று பலர் கேட்பார்கள். நான் சொல்வது இது: முதலில் '36த் சேம்பர்', அடுத்து 'டிரங்கன் மாஸ்டர்', பிறகு 'குங்ஃபூ ஹஸில்'. 'குங் பவ்' கடைசியில், அதுவும் நல்ல நண்பர்களோடு. 'குங்ஃபூ ஹஸில்' பார்க்கும்போது அந்த வீட்டுக்காரக் கணவரின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். அவர் யுவென் வா. ஜாக்கி சான் படித்த அதே ஓபரா பள்ளி மாணவர். புரூஸ் லீ படங்களில் அந்தரத்தில் குட்டிக்கரணம் வரும்போது புரூஸ் லீக்குப் பதிலாகத் தாவியவர். முப்பது ஆண்டுகள் கழித்து, பகடிப் படம் என்று பெயர் போட்ட ஒன்றில், காற்றில் மிதக்கும் இலைபோல உடம்பை வளைத்து அடிகளிலிருந்து நழுவுகிறார். இந்த முறை கேமரா அவர் முகத்தைக் காட்டுகிறது.